வணிகர் வில்லையும் துண்டுச் சீட்டும்

அரசு அடிப்பது காசு. வணிகர் தம் பெயர் பொறித்துத் தம் பொறுப்பில் வழங்குவது வில்லை. காசியலார் பெரிதும் ஆராய்ந்தது முன்னதையே. பின்னதில் ஒரு வகை, பொருட்காட்சிகளில் நினைவுப் பொருளாகப் பெருகியது. 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நிகழ்ந்த கொலம்பிய உலகப் பொருட்காட்சியில் வணிகர் விளம்பர வில்லைகளை வழங்கினர்; வழக்கிலிருந்த காசுகளை உருளையிலிட்டு நீட்டிக் காட்சியின் பெயரைப் பொறித்தும் கொடுத்தனர். அமெரிக்க அரசு வெளியிட்ட அரை டாலர் நினைவுக் காசோ ஒரு டாலருக்கு விற்றது. நினைவுக்கு விலை இருமடங்கு போலும்!

அக்காட்சியில் இலங்கையும் மண்டபம் அமைத்துத் தன் தேயிலையைப் பரப்பியது. தேயிலைக்கு முன்னர் அத்தீவின் பெருஞ்செல்வம் காப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது. காப்பி செழித்திருந்த நாளில், சில்லறைத் தட்டுப்பாட்டால் கொழும்பு வணிகர் தாமே செப்பு வில்லை அடித்தனர். ஜார்ஜ் ஸ்டூவர்ட் குழுமத்தின் வேகந்தை ஆலை வில்லை 1843ஆம் ஆண்டைத் தாங்கியது. காப்பிக் கொட்டை தெரிந்து பிரித்த பெண்டிர்க்கும் சிறார்க்கும் இத்தகைய வில்லைகளே கூலிக் கணக்கு. லோஸ்லி 1895இல் எழுதிய கட்டுரை இலங்கைக் காசுகளோடு வில்லைகளையும் வகுத்துரைக்கும். சிகாகோ வில்லை கண்டு களித்தவர் கொண்டு சென்றது. கொழும்பு வில்லை உழைத்தவர் கையில் தேய்ந்தது. தொகுப்போர் தட்டில் இரண்டும் ஒன்றாகக் கிடத்தல் பொருந்துவதன்று.

மலைத்தோட்டங்களில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழர். மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய பகுதிகளினின்றும் சென்றவர் அவர். ஆத்தூரைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளியும் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்ததே. அவர்க்குக் கூலியும் கடனும் கங்காணி வழியே வந்தன. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்று புகுவதற்குத் 'துண்டு' வேண்டும். இன்ன கடனைத் தீர்த்தால் இக்கூட்டத்தாரை விடுவிப்போம் எனத் தோட்ட முதலாளி எழுதித் தரும் சீட்டு அது. வில்லை, வணிகர் கூலியாளர்க்குத் தரவேண்டியதைக் குறித்தது. துண்டோ கூலியாளர் தரவேண்டியதைக் குறித்தது. முன்னது செம்பு, பின்னது தாள். ஆகவே முன்னதற்கு அட்டவணை எழுந்தது. துண்டு என்னும் தமிழ்ச்சொல் ஆங்கில ஆட்சி ஏடுகளிலும் அவ்வாறே புகுந்தமை சொல்லாராய்ச்சியாளர் கருதற்பாலது. கடன் பெருகப் பெருகத் துண்டின் தொகையும் பெருகிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நீக்கியது.

இலங்கையினின்றும் மீண்டோர் வழியினர் திண்டுக்கல் வட்டாரத்தில் எங்கேனும் பழஞ்சீட்டு வைத்திருப்பரேல், அதனைப் படியெடுத்தல் முதுகலை மாணவர்க்குரிய பணியாம்; வில்லைகள் எப்படியும் விலைபோகும்.