படிம உணரி தூய்மையாக்கல்

படிம உணரி தூய்மையாக்கல் என்பது எண்ணிம ஒளிப்படக்கருவியின் உணரிப் பகுதியில் படியும் தூசை அகற்றுவதாகும். வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய கருவிகளிலேயே இத்தேவை பெரும்பாலும் எழுகிறது. தூசு உண்மையில் உணரியின் மீதன்றி, அதன் முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடியின் மீதே படிகிறது. இவ்விரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பதால், வில்லைத் துளை அகன்றிருக்கையில் தூசின் நிழல் மங்கிவிடும். எஃப்/16, எஃப்/22 போன்ற சிறு துளைகளில் கரும்புள்ளியாகத் தெரியும். வில்லை பிம்பத்தைத் தலைகீழாக விழச்செய்வதால், படத்தின் மேற்பகுதியில் காணும் புள்ளிக்குரிய தூசு உணரியின் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

ஒலிம்பசு நிறுவனம் 2003 இல் வெளியிட்ட இ-1 கருவியில், மீயொலி அதிர்வால் தூசை உதறும் முறை இடம்பெற்றது. அதிர்வில் விழாத தூசை, கருவியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் அகற்றலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்றுக் குப்பியிலுள்ள உந்துபொருள் கறையாகப் படியக்கூடும். ஒட்டிக்கொண்ட தூசுக்கு மட்டுமே, உணரியின் அகலத்துக்கேற்ற துடைப்பானில் அதற்குரிய நீர்மத்தை ஓரிரு துளி இட்டுத் துடைப்பர்.

ஆடியுள்ள கருவிகளில் மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருப்பது இன்றியமையாதது. இடையில் மின்சாரம் தீர்ந்தால் ஆடியும் ஷட்டரும் உள்ளிருக்கும் துடைப்பான் மீது மூடிக்கொள்ளும். தூசு படத்தை மட்டுமே கெடுக்கும்; மெல்லிய ஷட்டர் தகடுகள் வளைந்தால் கருவியே பழுதாகும். விரலை எடுத்தவுடன் ஷட்டர் மூடிவிடும் 'பல்ப்' நிலையை இப்பணிக்குப் பயன்படுத்தலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.