விதையின் குலம் அறிதல்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் முன்னோர் மொழி. மக்களின் திறத்துக்கு அது பொருந்தலாம். விதையின் குலத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஒரு பிடி விதையைக் கையில் ஏந்திப் பார்ப்பவர் அதன் திரட்சியைக் காண்பர், பதரைக் காண்பர். அது எந்த இனத்தின் வழி வந்தது என்பதைக் காண இயலாது.

விதைச் சோதனையின் வரலாறு 1869ஆம் ஆண்டில், ஜெர்மானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியில் உள்ள தாராண்ட் என்னும் ஊரில் தொடங்குகிறது. அங்கே பிரெடெரிக் நோபே என்னும் பேராசிரியர் உலகின் முதல் விதைச் சோதனை நிலையத்தை நிறுவினார். சாயமிட்ட சிறு கற்களைத் தீவன விதையோடு கலந்து விற்ற காலம் அது. விதைக்கு உயிர் உண்டா, அதில் வேறு பொருள் கலந்திருக்கிறதா என்னும் இரு கேள்விகளுக்கு அக்கலை விடை கண்டது. மூன்றாவது கேள்வி எஞ்சி நின்றது: விதை தன் பெயருக்கு உரியதுதானா?

தன் வயலில் தேர்ந்தெடுத்த கதிரையே மறுபோகத்துக்கு வைத்திருந்த உழவருக்கு இக்கேள்வி பெரிதாக எழவில்லை. விதையை விலைக்கு வாங்கும் நிலை வந்தபோதுதான் பெயரே பிணையாயிற்று. 1960-களின் நடுவில் திருச்சி வானொலி வழியே புகழ் பரவிய ஆடுதுறை-27 நெல்லைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். காற்றில் வந்த ஒரு பெயரை நம்பி நிலத்தை ஒப்படைத்தார்கள். அந்நம்பிக்கையைக் காக்கும் அமைப்புகளும் அக்காலத்திலேயே உருவாயின. 1961இல் தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் விதைச் சோதனைக் கூடம் அமைந்தது. 1963இல் தேசிய விதைக் கழகம் தோன்றியது. 1966இல் விதைச் சட்டம் நிறைவேறியது.

சிக்கலின் முழு அளவைக் காட்டியது பருத்தி. குஜராத்தில் வாழும் நேயர்கள் சூரத்தை ஜவுளிக்காக அறிந்திருப்பர். பருத்தி இனத்தின் வரலாற்றிலும் அவ்வூருக்குச் சிறப்பிடம் உண்டு. 1970இல் அங்கே சி. டி. பட்டேல் என்னும் அறிஞர் உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தியை வெளியிட்டார். ஹைபிரிட்-4 என்பது அதன் பெயர். அதன் விதை கைகளால் ஆக்கப்படுவது. மாலையில் தாய்ச்செடியின் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்குவர். மறுநாள் காலை தந்தைச்செடியின் மகரந்தத்தை அதில் தடவுவர். ஒரு மொட்டு கண்ணுக்குத் தப்பினால் அது தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். அவ்விதைக்கும் ஒட்டு விதைக்கும் தோற்றத்தில் வேற்றுமை தெரியாது.

ஆகவே நிலமே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. விதைக் குவியலிலிருந்து மாதிரி எடுத்து விதைத்து, ஐயமற்ற உண்மை விதையையும் அருகில் வளர்த்து, இலை, பூவிதழ், காய் முதலியவற்றை ஒப்பிட்டுக் கலவன்களை எண்ணுவர். ஏறத்தாழ நானூறு செடிகளேனும் எண்ணப்பட வேண்டும் என்பது வழக்கம். ஒட்டுப் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு செடிகள் மெய்யானவையாக இருந்தால் குவியல் தேறும். கைத்தொழிலின் அருமையை உணர்ந்து வகுத்த அளவு அது. சான்று பெற்ற சாதாரண இரகங்களுக்கோ தொண்ணூற்றெட்டு வேண்டும்.

இச்சோதனையின் குறை காலம். செடி பூக்கும்வரை விதை கிடங்கில் காத்திருக்கும். உழவரின் பருவமோ காத்திராது. இதனால்தான் விதையின் புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்து வரிகளாகக் காணும் முறையும், பின்னர் டி.என்.ஏ. அடையாளங்களை ஒப்பிடும் முறையும் வந்தன. மாதங்களின் வேலை நாட்களில் முடிகிறது. எனினும் ஆய்வுக்கூடம் தான் தேடிய அடையாளங்களை மட்டுமே காண்கிறது. வயலோ முழுச் செடியையும் காட்டுகிறது. ஆகவே வயற்சோதனை இன்றும் மறையவில்லை.

போலி விதையால் உழவர் இழப்பது விதையின் விலையை மட்டுமன்று. உழுத கூலி, இட்ட உரம், பாய்ச்சிய நீர் எல்லாம் போகும். கலவன் பூத்து வெளிப்படும் நாளில் மீண்டும் விதைக்கப் பருவமும் இராது. எம்மாநிலத்துச் சந்தையிலாயினும், சான்று விதை மூட்டையில் நீலச் சீட்டு ஒன்று தொங்குவதைக் காணலாம். எங்கோ ஒருவர் வயலில் நின்று செடிகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்ததன் சுருக்கமே அச்சீட்டு.