கஞ்சித்தொட்டியும் வஜாவும்



இந்த நினைவு நாளில் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கணக்கு. அரசு ஒரு குடும்பத்துக்கு இரண்டு வழிகளில் உதவ முடியும். கையில் கொடுக்கலாம், வாங்க வேண்டியதை வாங்காமல் விடலாம். முதலாவதற்கு நிவாரணம், உதவித்தொகை என்று பெயர். சிலர் அதை 'இலவசம்' என்று முகம் சுளித்தும் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு வஜா, தள்ளுபடி, வரிச்சலுகை என்று பெயர். இரண்டிலும் போவது பொதுப்பணம்தான். ஆனால் முதலாவதை வாங்குபவர் வரிசையில் நிற்கிறார். இரண்டாவதைப் பெறுபவரை யாரும் பார்ப்பதுகூட இல்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தாது வருடப் பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. செலவைக் குறைப்பதற்காக வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார் டெம்பிள். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பிறகே அளவு கொஞ்சம் கூட்டப்பட்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அதே காலத்தில் இன்னொரு நிவாரணம் சத்தமில்லாமல் நடந்தது. ரயத்துவாரி முறையில் விளைச்சல் பொய்த்தால் பட்டாதாரருக்கு நிலவரியில் வஜா உண்டு. வஜா பெற வேண்டுமானால் முதலில் கிஸ்தி கட்டுபவராக இருக்க வேண்டும். கிஸ்தி கட்டப் பட்டா வேண்டும். பண்ணையாளுக்கும் படியாளுக்கும் பட்டா ஏது? அவர்களுக்குத் தள்ளுபடி செய்ய அரசின் கணக்கில் எதுவுமே இல்லை.

அப்படியானால் அவர்கள் வரியே கட்டவில்லையா? கட்டினார்கள். உப்புக்குக் கட்டினார்கள். பஞ்சத்தின் சுவடு மறையும் முன்பே சென்னை மாகாணத்தில் உப்பு வரி உயர்த்தப்பட்டது. கஞ்சியில் போடும் உப்புக்கு வஜா கிடையாது.

1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. உழைக்க முடிந்தவருக்கு வேலை, முடியாதவருக்கு இலவச உதவி, நிலமுள்ளவருக்கு வரி ஒத்திவைப்பும் தள்ளுபடியும் என்று வகை பிரித்தார்கள். வழக்கம் காரணமாக வெளியே வர முடியாத 'கௌரவமான' குடும்பத்துப் பெண்களுக்கு வீட்டிலேயே உதவி தரவும் இந்த விதிகளில் இடம் இருந்தது. வெயிலில் கல் உடைத்துத் தன் பசியை நிரூபிக்க வேண்டிய பெண் யார், வீட்டில் இருந்தபடி வாங்கிக்கொள்ளத்தக்க பெண் யார் என்பதைச் சாதியச் சமூகம் முன்பே முடிவு செய்திருந்தது. அரசு அதை விதியாக எழுதிக்கொண்டது.

இந்த முடிச்சைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் ஓரளவு புரிந்துகொண்டார். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற நிலை எப்படிப் பறையர்களை நிலமற்றவர்களாகவே வைத்திருக்கிறது என்று 1891இல் அவர் எழுதினார். 1892இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. நம்மைப் பொறுத்தவரை அதன் பொருள், அரசின் கணக்கேட்டில் நமக்கும் ஒரு வரி எழுதப்பட்டது என்பதுதான். அந்த நிலங்கள் பிறர் கைக்குப் போனபோது மண்ணோடு அந்த இடமும் பறிபோனது.

இந்தப் பழைய கதை இன்றைக்கு எதற்கு? 2019இல் தொடங்கிய பிஎம் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது, நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு. அந்த நிலத்தில் நாற்று நடுகிற நிலமற்ற பெண்ணுக்கு இல்லை. 2021இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. நாம் அதை எதிர்க்கவில்லை; சிறு விவசாயிக்கு அது தேவை. ஆனால் கடன் வாங்கவே தகுதியில்லாதவருக்கு எதைத் தள்ளுபடி செய்வது? வஜாவின் தர்க்கம் ஆங்கிலேயரோடு கப்பல் ஏறிவிடவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2025-26 முதல் புதிய வருமான வரி முறையில் தனிநபர் ஒருவரின் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், தள்ளுபடியால் வரி இல்லை. அவர் தன் வருமானத்தைத் தானே அறிவித்துக்கொள்கிறார். 1944இல், வைஸ்ராய் நிர்வாக சபையில் அண்ணல் அம்பேத்கர் இருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியது. இன்று அதைப் பெறக் குடும்பம் முழுவதற்கும் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒருவருக்கு 12 லட்சம். ஒரு குடும்பத்துக்கு இரண்டரை லட்சம். மாணவி சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க வேண்டும். அதற்காக அவளுடைய தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலுவலக வாசலில் நிற்க வேண்டும். நம் ஊர்களில் இப்படி நின்ற தாய்மார்களோடு நாமும் நின்றிருக்கிறோம். 'நாளைக்கு வா' என்பதை எத்தனை நாள் கேட்டோம் என்று எண்ணவில்லை.

சோப்பு வாங்கும்போதும் செல்பேசிக்குப் பணம் கட்டும்போதும் அந்தத் தாய் வரி கட்டுகிறார். தாது வருடத்தில் உப்புக்குக் கட்டியவரின் பேத்தி அவர். 'எங்கள் வரிப்பணத்தில் வாழ்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

நம் முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நிவாரணப் பட்டியல் எதுவானாலும் கிராமசபையில் உரக்க வாசிக்கச் செய்வது ஒன்று. பட்டாவை அளவுகோலாக வைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் கூலியாளுக்கு என்ன பங்கு என்று எழுத்துமூலம் கேட்பது இன்னொன்று. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவோம். இரண்டு வேலைகளுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் போதும். அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் ஒரு உதவித்தொகைதான்.

ஜெய் பீம்.