சின்ன ஆஸ்பத்திரிக்குக் காசு யார் கொடுத்தா, கணக்கு யார் கேட்டா?

போடிக்குக் காலையில 6 மணிக்கு முன்னாடி வந்து பாருங்க. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஜீப்பா ஆட்கள் ஏறிட்டு இருப்பாங்க. போடிமெட்டு தாண்டினா பூப்பாறை, சாந்தன்பாறை, அதாவது கேரளா. வேலை அங்க, வீடு இங்க. காய்ச்சல், பிரஷர், பிரசவம்னா வர்றது இந்தப் பக்கத்துச் சின்ன அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த ஆஸ்பத்திரி எந்தக் காசுல ஓடுது? கொஞ்சம் பழைய கதை. த்ரெட் நீளம், பொறுத்துக்கோங்க.

1871-ல மெட்ராஸ் மாகாணத்துல உள்ளாட்சி நிதிச் சட்டம் வந்துச்சு. நிலத்து மேல ஒரு தீர்வை வசூலிச்சு, அதுல ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. 'லோக்கல் ஃபண்ட் ஆஸ்பத்திரி'ங்கிற பேர் அப்படி வந்ததுதான். காசு உள்ளூர்க் காசு. ஆனா போர்டுல உட்கார்ந்தவங்க நிலம் வச்சிருந்தவங்க. வரிசையில நின்ன நோயாளிக்கு ஓட்டுகூட கிடையாது.

1924-ல இன்னொரு முயற்சி. கிராமத்துல போய்த் தங்குற டாக்டருக்கு மானியம். ஏழைக்கு இலவசமா பார்க்கணும், வசதியானவங்ககிட்ட ஃபீஸ் வாங்கிக்கலாம். யார் ஏழைன்னு முடிவு பண்றது யாரு? அதே டாக்டர்தான்! எனக்கு இதுல சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

1946-ல போர் கமிட்டி அறிக்கை. (சண்டை இல்லீங்க, தலைவர் பேரு ஜோசப் போர்.) முதல் கட்டமா 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னு சொன்னாங்க. 1952-க்கு அப்புறம் வட்டார வளர்ச்சித் திட்டத்தோட நிலையங்கள் வர ஆரம்பிச்சது. கட்டடம், சம்பளம், மருந்து எல்லாம் மேலிருந்து. டாக்டர் கையில மட்டும் காசு கிடையாது. குழாய் உடைஞ்சாலும் கடிதம் எழுதிட்டுக் காத்திருக்கணும்.

மருந்து விஷயத்துல நிஜமான மாற்றம் 1994-ல தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால வந்துச்சு. மருந்தை மாநிலம் மொத்தமா டெண்டர்ல வாங்கி, தரம் சோதிச்சு, மாவட்டக் கிடங்குல வைக்கும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு தொகைன்னு வரவு வைப்பாங்க, மருந்து எடுக்க எடுக்கக் கழியும். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். காசைக் கையால தொடாமலே, எனக்கு எந்த மருந்து எவ்வளவு வேணும்னு நான் முடிவு பண்ணலாம். மத்த மாநிலங்கள் வந்து பார்த்துக் கத்துக்கிட்டுப் போன ஏற்பாடு இது.

2005 ஏப்ரல்ல தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தப்போதான் காசே நேரா நிலையத்துக்கு வந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்கு 25,000 நிபந்தனையில்லா நிதி, பராமரிப்புக்கு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு 1 லட்சம். மொத்தம் 1.75 லட்சம். துணை நிலையத்துக்கு 10,000. அந்த அக்கவுண்டுல செவிலியரும் பஞ்சாயத்துத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்.

இப்ப என் கதை. நான் வேலை பார்த்த ஒரு நிலையம், மலையடிவாரம், பேர் வேண்டாம். மழைக்காலத்துல கரண்ட் போகும். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போச்சு. சங்கக் கணக்குல பணம் இருந்துச்சு. மூணு கொட்டேஷன் வேணும்னு நினைச்சேன், ரெண்டுதான் கிடைச்சது. ஆடிட்ல மாட்டிப்போமோன்னு தள்ளிப்போட்டேன். ஒரு ராத்திரி பிரசவம் முடிஞ்சு, ஆயாம்மா செல்போன் லைட் பிடிக்க, நர்ஸ் அக்கா தையல் போட்டாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருந்தாங்க. வெளியில வந்ததும் அந்தப் பொண்ணோட பாட்டி கேட்டாங்க: "ஏன் டாக்டரு, ஒரு லைட்டு வாங்கக்கூடவா கவர்மெண்டுட்ட காசில்ல?"

காசு இருக்கு பாட்டி, எனக்குத்தான் பயம்னு சொல்ல வாய் வரலை.

அடுத்த வாரமே ரெண்டு கொட்டேஷனோட, காரணத்தை எழுதி வச்சு வாங்கினேன். ஆடிட்ல யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. பில் இருக்கான்னு பார்த்தாங்க, இருந்துச்சு. வாங்கியிருக்கலைன்னாலும் கேட்டிருக்க மாட்டாங்க. செலவழிச்ச காசுக்குத்தான் விளக்கம் எழுதணும். செலவழிக்காத காசால வந்த இருட்டுக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் இல்லை.

அதுவும் அந்தத் தொகை சமவெளிக்கும் மலைக்கும் ஒண்ணுதான். சமவெளியில 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில 20,000 பேருக்கு ஒண்ணுன்னு விதி வித்தியாசம் பார்க்குது. பேட்டரியைக் குரங்கணி, கோட்டகுடி பக்கம் ஏத்துற ஜீப் வாடகையை அது பார்க்கலை.

மலைக்கு அந்தப் பக்கம் வேற மாதிரி. 1996 மக்கள் திட்டத்தோட கேரளா ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பஞ்சாயத்துகிட்ட ஒப்படைச்சது. லைட் எரியலைன்னா வார்டு மெம்பர் கேட்பார். நம்ம பக்கம் துறை கையில. நம்ம மருந்து விநியோகம் உறுதியா இருக்கிறதுக்கு அதுவும் காரணம்னு நான் நினைக்கிறேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா பாட்டி கேள்வி கேட்க நம்மகிட்ட இடம் கம்மி. 2007 வாக்குல தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்கள்ல, ஊர் மக்களே ஆஸ்பத்திரிக்கு மதிப்பீடு போடுற சோதனை நடந்துச்சு. அது எல்லா ஊருக்கும் வழக்கமா வந்து சேரலை.

15-வது நிதிக்குழு 2021-26-க்கு உள்ளாட்சிகள் வழியா சுகாதாரத்துக்குன்னு 70,051 கோடி ஒதுக்குச்சு. 150 வருஷம் கழிச்சு மறுபடி லோக்கல் ஃபண்ட். இந்த முறை உங்களுக்கு ஓட்டு இருக்கு.

அடுத்த கிராம சபையில உங்க ஊர் நிலையத்தோட நோயாளர் நலச் சங்கக் கணக்கைக் கேளுங்க. எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு சும்மா கிடக்கு. இந்த மூணாவதை மறக்காம கேளுங்க. டாக்டர் கொஞ்சம் முகம் சுளிப்பார். நானும் சுளிச்சிருப்பேன்.