மிளகும் மிளகாயும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் ஏடுகளும் உணர்த்துவது போலவே அதன் அடுக்களையும் உணர்த்தும். இக்காலத்திற் பெருநகர விடுதிகள் சில, பண்டை வாணிப வழிகளின் பெயரால் உணவு விழாக்களை நடாத்துகின்றன. பட்டு வழியும் வாசனைத் திரவிய வழியும் அங்கே பெருவிலை விருந்துகளாகின்றன. ஆயின், அவ்வழிகளில் வந்தவற்றுள் மக்கள் வாழ்வில் நிலைபெற்றவை எவை என வினவின், எளியோர் அடுப்பங்கரையே விடை கூறும். மிளகும் மிளகாயும் இதற்குத் தக்க சான்றுகளாம்.

மழைவளம் மிக்க மலையாளக் கரையின் மலைச்சாரலே மிளகுக்கொடியின் தாயகம். அதனை நாடி உரோமப் பேரரசின் கலங்கள் பருவக்காற்றின் துணையொடு முசிறித் துறையை அடைந்தன. யவனர் பொன் கொடுத்து மிளகு பெற்ற செய்தி அகநானூற்றிற் காணப்படுகின்றது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குச் செல்கின்றதென, கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி வருந்தினார். கி.பி. 408 இல் உரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், பொன் வெள்ளிகளோடு 3,000 இறாத்தல் மிளகையும் திறையாகக் கேட்டான். பொன்னொடு வைத்து எண்ணத்தக்க பொருளாக மிளகு விளங்கியமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.

இவ்வாணிபத்தைத் தம் வசமாக்கும் நோக்குடனேயே போர்த்துக்கேயர் 1498 இற் கள்ளிக்கோட்டையை அடைந்தனர். அனுமதிச் சீட்டின்றிச் சென்ற கலங்களைப் பீரங்கி கொண்டு தாக்கிக் கடல்வழியைத் தமதாக்க முயன்றனர். ஆயின், அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மிளகாயை 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொணர்ந்தவரும் அவரே. மிளகுக்கொடி எல்லா நிலத்திலும் பயன் தருவதன்று. மிளகாயோ வீட்டுக் கொல்லையிலும் வளரும். ஒரு பழத்தின் விதை ஒரு தோட்டத்திற்குப் போதுமாதலின் அதனை எவரும் தனியுரிமையாக்குதல் இயலாது. ஒரு காரத்தைத் தமக்கே உரியதாக்க வந்தோர், பிறிதொரு காரத்தை உலகிற்குப் பொதுவாக்கிச் சென்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

புதியது பழையதன் பெயரைப் பற்றிக்கொண்டே வேரூன்றியது. மிளகு போற் கார்ப்புடைய காய் 'மிளகாய்' எனப்பட்டது. கன்னடத்தில் மிளகு 'மெணசு', மிளகாய் 'மெணசினகாயி'. சிங்களத்திலோ 'மிரிஸ்' என்னும் பெயரை மிளகாய் கவர்ந்துகொள்ள, மிளகு 'கம்மிரிஸ்' என அடைமொழி பெற்றது. ஈழத்திற் சில பகுதிகளில் வழங்கும் 'கொச்சிக்காய்' என்னும் பெயர் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. எனினும் பழமை முற்றாக அழிந்திலது. சிரார்த்தச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே சேர்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பிதிரர் அறியாத காரம் அவர்க்குப் படைக்கப்படுவதில்லை.

வாணிப வழியின் ஆட்சி அத்துடன் முடிந்ததன்று. 1970 இன் பின் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் விளைந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. கிணற்று நீர் இறைத்துப் பாடுபட்ட கமக்காரர் கல்வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தன, விலை வீழ்ந்தது, பல தோட்டங்கள் நலிவுற்றன. முசிறியின் மிளகு மலைநாட்டாரை வாழ்வித்தவாறே, துறைமுகத்தின் திறப்பும் அடைப்பும் செம்மண் உழவனின் உலையை நிருணயித்தன.

விருந்து மேசையில் வாணிப வழி இனிய சுவையாகவே தோன்றும். அச்சுவையை விளைவித்த கைகளையும் உடன் நினைப்பதே வரலாறு கற்றோர் கடனாகும்.