மன்னார் வளைகுடாவும் மலாக்கா நீரிணையும்: பவளப்பாறைக்குச் சமயம் தந்த காவல்

மலாக்கா மாநிலத்தின் கரையோரக் கடல் இன்று பெரும்பாலும் கலங்கிய நீராகவே காணப்படுகிறது. எனினும், போர்ட்டிக்சன் அருகே, மாநிலத்தின் பிற பகுதிகளோடு நிலத்தொடர்பின்றி அமைந்துள்ள தஞ்சோங் துவான் முனையைச் சுற்றிப் பவளப்பாறைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பவள உயிரிகள் எனப்படும் மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கென எழுப்பிக்கொள்ளும் கூடுகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால் உருவாவதே பவளப்பாறை. அவ்வுயிரிகளின் உடலுக்குள் தங்கியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தருவதால், நீர் கலங்கி ஒளி குறையும் இடத்தில் பாறையின் வளர்ச்சி தளர்கிறது; அதன்மேல் வண்டல் தடித்துப் படிந்தால் உயிரிகள் மூச்சடைத்து மடிகின்றன. ஆகவே மலாக்காவின் பாறைகளைப் பற்றி எழுதப் புகுவோர் கடலுக்கு முன் கரையின் மண்ணைப் பற்றி எழுத வேண்டியவராகின்றனர்.

அந்த மண்ணின் வரலாறு தோட்டங்களின் வரலாறே ஆகும். 19ஆம் நூற்றாண்டில் சீன முதலாளிகள் காட்டை அழித்து மரவள்ளி பயிரிட்டு, மண் சத்திழந்ததும் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். 1896இல் சீன முதலாளியான டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பரை நட்டு, பின்னர் புக்கிட் அசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். அதைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியே சேர்க்கப்பட்ட குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் லயங்களில் குடியேறின. ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே புல் பூண்டு ஒன்றும் தலைகாட்டாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று அக்காலத் துரைமார் கருதியதால், மூடாக்கு இழந்த மேல்மண்ணைப் பெருமழை ஆற்றில் சேர்த்தது. ஆறுகள் மேடிடுவதைக் காலனி அலுவலர்களே கவலையோடு குறித்து வைத்தனர். மண்வெட்டி பிடித்த கை தமிழருடையதாக இருந்தாலும் முறையை வகுத்தவர்களும் ஆதாயத்தை எடுத்தவர்களும் வேறானவர்கள் என்பதை மறந்துவிட்டு இக்கேட்டைப் பேசுவது நியாயமாகாது.

தோட்டத் தமிழர் கடலைவிட்டு விலகி உள்நாட்டில் வாழ்ந்தனர் என்றாலும், அவர்களுக்கு முன் மலாக்காவுக்கு வந்த தமிழர் கடல்வழியே வாழ்ந்தவர்கள். 15ஆம் நூற்றாண்டின் சுல்தானிய மலாக்காவில் தமிழ் வணிகர் செல்வாக்கோடு விளங்கினர். அவர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகள், காஜா பெராங் பகுதியில் தம் குடியிருப்பைக் காத்துவருவதோடு, டச்சு ஆட்சியில் பெற்ற நிலத்தில் 1781இல் பொய்யாத விநாயகர் கோவிலையும் எழுப்பினர். தமிழகக் கடலோரத்தில் தெய்வங்கள் கடலாடும் நாளான மாசி மகத்தன்று, மலாக்காவில் முருகனின் இரதம் நகரிலிருந்து செங் பகுதியின் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலை நோக்கிச் செல்கிறது. கரையை நோக்கிய விழா உள்நாட்டை நோக்கித் திரும்பியிருப்பதில், தோட்டங்களைச் சார்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்தின் நிலை தெரிகிறது. இதற்கு மாறாக, உம்பாய்க்கு எதிரே உள்ள புலாவ் பெசார் தீவில் சுல்தான் ஆரிஃபின் ஷேக் இஸ்மாயிலின் அடக்கத்தலத்துக்குத் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாகப் படகேறிச் சென்று வந்துள்ளனர். அவ்வழிபாட்டை மாநிலச் சமய அதிகாரிகள் ஏற்காவிட்டாலும் அப்பயணம் நின்றுவிடவில்லை.

மலாக்காவையும் தமிழகத்தின் மீனவக் கரையையும் இணைத்த இன்னொரு வரலாறு கத்தோலிக்கத் திருச்சபையின் வழியே வந்தது. 1530களின் நடுவில், மன்னார் வளைகுடாவின் கரையான முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாகக் கிறித்தவம் தழுவியபின், 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தமிழ் மந்திரங்களை மனப்பாடமாகக் கற்று ஊர் ஊராகப் போதித்தார். 1545இல் மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி மலாக்கா சேர்ந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தபின், 1553இல் அவருடைய உடல் மலாக்காக் குன்றின்மேல் இருந்த தேவாலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அவர் போதித்த கரையில், கடலுக்குச் சமயம் விதித்த ஒழுங்கு கிறித்தவத்துக்கும் முற்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலோரத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முக்குளிப்போரைப் பெருமீன்களிடமிருந்து மந்திரத்தால் காப்பவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதையும், மாலையில் மந்திரம் அவிழ்க்கப்பட்டதால் இரவில் எவரும் கள்ளத்தனமாக இறங்கத் துணியவில்லை என்பதையும் குறிப்பிடுகிறார். கடலைக் கட்டுபவர் என்ற பொருளில் கடல்கட்டி எனப்பட்ட அவர்களை ஆங்கிலேய ஆட்சியும் கூலி கொடுத்து வைத்துக்கொண்டது, ஏனெனில் அவர்களின்றி முக்குளிப்போர் நீரில் இறங்க மறுத்தனர். மந்திரத்தின் வலிமையை நம்பாதவர்கூட, அது பகலுக்கு மட்டும் உரிமை தந்து இரவுக்குத் தடை விதித்ததை உணர முடியும். பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் மாதிரி எடுத்து, சிப்பி முற்றிய ஆண்டில் மட்டும் குளிப்பு நடத்திய அரசின் வழக்கமும் அதே திசையில் சென்றது.

முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. ஆனால் கரையோர ஏழைகளின் கை பாறைமேலேயே விழுந்தது: சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்குமாகப் பவளக்கல் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோதும் வெட்டு ஓயவில்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2005 அளவில்தான் வெட்டு நின்றது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் ஏறத்தாழ 16 எக்டேராக இருந்த வான் தீவு 2014 அளவில் ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கியது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002இல் மீட்புப் பணியைத் தொடங்கியது. நலமான பாறையிலிருந்து கிளைத் துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகைகளில் கட்டி, பாதிக்கப்பட்ட இடத்தில் பதிக்கும் இம்முறை நாற்று நடவை ஒத்தது. உயிர்ப் பவளத்தின் பரப்பு 2005இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து 2009இல் 43ஐ எட்டியது. ஆனால் 2010இலும் 2016இலும் கடல் அளவுக்கு மீறி வெப்பமடைந்து, பவள உயிரிகள் தம் நுண்பாசிகளை வெளியேற்றி வெண்மையாகும் வெளிறல் நேர்ந்து, அந்த ஏற்றம் கரைந்தது. இப்பணி அறிவியலாரும் அரசும் முன்னெடுத்தது. சமயத்தின் பங்கு அதன் அருகே, மக்களின் வழக்கங்களில் இருந்தது. கிறித்தவ மீனவ ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத கட்டுப்பாடு பரவலாக உண்டு. பாம்பன் வட்டாரத்தில் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தமக்குள் முடிவு செய்துகொண்டனர். வருமானத்தில் பாதிக்கு மேல் இழக்க நேரக்கூடிய ஏழைகள் தாமே இந்த எல்லையை வகுத்தது, நடப்பட்ட பவளத் துண்டுகளைவிடப் பெரிய சாதனையாக மதிக்கத்தக்கது.

சமயமே நேரடியாக முன்நின்ற முயற்சிகள் இந்துமாக்கடலின் இரு ஓரங்களிலும் உண்டு. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடித்ததால் பாறைகள் சிதைந்த பாலியின் பெமுத்தெரான் ஊரில், 2000இல் இரும்புச் சட்டங்களைக் கடலடியில் நிறுத்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, அவற்றின்மேல் சுண்ணாம்பு படியச் செய்து பவளத்தை வளர்த்தனர். கோவிலைச் சார்ந்த ஊர்க்காவலர்கள் கடலையும் காவல் காத்தனர், கடலடியில் இந்துச் சிற்பங்களும் வைக்கப்பட்டன, 2012இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அம்முயற்சிக்குக் கிடைத்தது. சான்சிபாரின் மிசாலி தீவில், 1998இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டபின், இறைவன் ஒப்படைத்ததை வீணாக்கலாகாது என்னும் இஸ்லாமிய நெறியை ஷேக்குகள் மீனவரிடையே போதித்து, வெடிவைத்துப் பிடிப்பதைக் குறைக்க முயன்றனர்.

இவ்விடங்களிலெல்லாம் பாறையைக் கெடுத்தவரும் அதைச் சார்ந்து வாழ்ந்தவரும் பெரும்பாலும் ஒரே ஊரார். ஆகவே பலிபீடத்திலோ பள்ளிவாசலிலோ சொல்லப்பட்ட சொல் உரிய செவிக்குச் சென்றது. மலாக்காவிலோ கேடு தொலைவிலிருந்து வந்தது. 1930களில் கத்தோலிக்கக் குருமார் முயன்று அமைத்த உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில், ஆண்டுதோறும் ஜூன் மாதம் புனித பேதுரு திருவிழாவில் மீனவர் படகுகள் அணிசெய்யப்பட்டு மந்திரிக்கப்படுகின்றன. ஆனால் 1970களிலிருந்து நகரக் கடலோரம் அடுத்தடுத்து மண்ணிட்டு மேடாக்கப்பட்டதால், சிஞ்சாலோக் என்னும் புளிக்கவைத்த இறால் உணவுக்கு ஆகும் கெராகாவ் என்னும் சிற்றிறாலை அவர்கள் கையால் தள்ளும் வலையில் அள்ளிய ஆழமற்ற நீர் சுருங்கிவிட்டது. பாறைகளில் வளரும் கடற்பஞ்சைத் தின்று பவளத்துக்கு இடம் உண்டாக்கும் அழுங்காமை முட்டையிட வந்த புலாவ் உப்பே தீவிலும், எதிர்க்கரை மேடாக்கப்பட்டபின் ஆமைகளின் வரவு குறைந்தது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை மிகுதியாகக் கூடு கட்டும் மாநிலம் இன்றும் மலாக்காவே. பாடாங் கெமுந்திங் பொரிப்பகத்துக்காக, முன்பு முட்டையைச் சந்தைக்கு அனுப்பிவந்தவர்களே உரிமம் பெற்ற சேகரிப்பாளர்களாக மீன்வளத்துறைக்கு அதை விற்கின்றனர்.