கடலரணும் வானரணும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு நிலத்திற்கு வேறொரு கோட்டை எதற்கு என்று எண்ணுவது மக்கள் இயல்பு. நீரும், வெளிநிலமும், மலையும், காடும் அமைந்ததே அரண் என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்து. நாம் குடியேறி வாழும் இவ்வந்தமான் தீவுகளில் இந்நான்கும் குறைவற உள்ளன. எனினும், 1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், எதிர்ப்பு ஏதுமின்றிச் சில மணி நேரத்தில் போர்ட் பிளேர் நகரம் ஜப்பானியர் கைப்பட்டது. இயற்கை தந்த அரண் அன்று நம்மைக் காவாது போனதேன் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்காலத்தில் கடலாட்சி என்பது கப்பலாட்சியே. 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்னும் பெயர் காணப்படுகிறது. அதுவே இன்றைய நிக்கோபார். மரக்கலங்கள் மிகுதியாக உடையவன் எவனோ, அவனே அன்று தீவுகளுக்குத் தலைவன். ஆகாய விமானம் தோன்றியபின் இந்நிலை மாறிற்று. கடலின் மேல் பரந்த வானம் எவர் வசமோ, அவர் வசமே கடலும் என்றாயிற்று.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8-இல் இரங்கூன் வீழ்ந்தது. போர்ட் பிளேரிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அதில் பாதித் தொலைவிலேயே இரங்கூன் உள்ளது. அதன் விமானத் தளங்களும் பகைவர் கைக்குச் சென்றமையால், இத்தீவுகள் குண்டு வீச்சுக்கு எட்டும் இலக்காயின. இங்கோ போர் விமானம் ஒன்றேனும் இல்லை. சுமார் 300 இராணுவப் போலீசாரும், அவ்வாண்டு ஜனவரியில் வந்த ஒரு படைப்பிரிவுமே காவலாக இருந்தனர். வான்துணையின்றித் தீவைக் காத்தல் இயலாது என்று கண்ட ஆங்கில ஆட்சி, அப்படைப்பிரிவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஐரோப்பியருள் பெரும்பாலோர் கப்பலேறினர். தலைமைக் கமிஷனர் வாட்டர்பால் தங்கியிருந்து சிறைப்பட்டார். படையியல் நோக்கில் அம்முடிவைக் குறை கூற இயலாது. ஆனால் கப்பலில் இடமின்றிக் கரையிலேயே நின்ற குடிமக்களின் நிலையை எண்ணியவர் யார்?

தீவைக் கொண்ட ஜப்பானியர் முதலில் செய்தது யாது? நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் பெரிய கடல் விமானங்களைச் சில நாட்களுக்குள் போர்ட் பிளேர்த் துறைக்குக் கொணர்ந்தனர். வங்கக் கடலை வேவு பார்க்கும் கண்ணாக இத்தீவு அவர்களுக்குப் பயன்பட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒசாவா என்னும் கடற்படைத் தளபதியின் கப்பல்கள் இக்கடலிற் புகுந்து இருபது வணிகக் கப்பல்களுக்கு மேல் மூழ்கடித்தன. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்கு உள்ளாயின. நம் வாயிலைப் பறிகொடுத்ததன் விளைவு தாய்நாட்டின் கரை வரை எட்டிற்று.

அதே வாரத்தில் நம் அண்டைத் தீவாகிய இலங்கையில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். ஏப்ரல் 4-ஆம் நாள், கானடா நாட்டினரான லெனார்டு பிர்ச்சல் ஓட்டிய கட்டலினா விமானம், இலங்கைக்குத் தெற்கே பகைவரின் பெருங்கடற்படையைக் கண்டு கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பியது. உடனே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. பிர்ச்சலும் உயிர் தப்பியோரும் சிறைப்பட்டனர். ஆயினும் அச்செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் அகற்றப்பட்டன. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஹரிகேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அவற்றுட் சில, பகைவர் அறியாதவாறு கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்து எழுந்தவை.

காத்தவர் பக்கத்தில் இழப்பு மிகுதி என்பதும், வந்த கடற்படை நிலம் பிடிக்கும் நோக்குடன் வரவில்லை என்பதும் உண்மையே. இருப்பினும் இலங்கை கைவிடப்பட்ட தீவாகவில்லை. ஏப்ரல் 9-இல் திருக்கோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் அவ்வேளை ஒரு விமானமும் இல்லை! பெயரளவில் உள்ள வலிமை வேளைக்கு உதவாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? வேவு காண்போரை வேந்தன் கண் என்றார் வள்ளுவர். அக்கண் வானில் இருந்தமையால் இலங்கை முன்னறிந்து நின்றது. அஃதின்மையால் அந்தமான் அறியாது வீழ்ந்தது.

வீழ்ந்த தீவின் மக்கள் மூன்றரை ஆண்டுகள் அதற்கு விலை கொடுத்தனர். விமானத் தளம் அமைக்கக் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். 1943 டிசம்பர் 30-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கே தேசியக் கொடி ஏற்றினார், தமிழராகிய ஏ. டி. லோகநாதன் ஆசாத் ஹிந்து அரசின் சார்பில் கமிஷனராக வந்தார். எனினும் உண்மை அதிகாரம் ஜப்பானியர் கையிலேயே இருந்தது. 1944 ஜனவரியில் டாக்டர் திவான் சிங் சிறையில் சித்திரவதையால் உயிர் நீத்தார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கடல்வழி அடைபட்டதால் உணவுப் பஞ்சம் மிகுந்தது. 1945-இல் நூற்றுக்கணக்கானோர் ஹாவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டு மாண்டனர். அக்டோபரில்தான் விடுதலை கிட்டியது.

இன்று நிலை வேறு. 2001-இல் முப்படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும் கட்டளையகம் இங்கு நிறுவப்பட்டது. ஜப்பானியர் அமைத்த கார் நிக்கோபார் தளம் இந்திய விமானப் படையின் தளமாயிற்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தளத்தில் பலரைக் கொண்டு சென்றபோதும் அது மீண்டும் எழுந்து பணி செய்கிறது. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது.

விமானம் தலைக்கு மேல் செல்லும்போது நம் குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக் கைகொட்டுகின்றனர். அவ்வொலி இல்லாதிருந்த ஒரு மார்ச்சு மாதத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தல் பெற்றோர் கடமை. ஹம்ப்ரிகஞ்சு நினைவிடத்திற்கு ஒருமுறையேனும் அவர்களை அழைத்துச் செல்வோமாக. காவல் நீங்கிய நிலத்தில் எளியோரே முதலில் மடிவர் என்பதை அவ்விடம் நமக்கு உணர்த்தும்.